ராமபாணம்

பகலெல்லாம் லாரி நிறுக்கிறேன்.
கரூர் தாண்டி ஈரோடு ரோட்டில்
நாற்பது டன் எடைமேடை.
ஜல்லி, கொசுவலை நூல், கோழித்தீவனம்.
பார வண்டியில் வெறும் வண்டியைக் கழித்துப்
பில் போட்டுக் கையெழுத்து.
ராத்திரி வண்டி குறையும்போது
டிராயரைத் திறந்து
குன்றிமணிக் கணக்கில் எடை பேசும்
புத்தகம் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வேன்.

பழங்காசு ஒன்றுகூட என்னிடம் இல்லை.
பழங்காசைப் பற்றின புத்தகம் பதினேழு.
"காசை உட்டுட்டுக் காயிதத்தை வாங்கறியேக்கா"
என்று டீக்கடை வேலாத்தா சிரிக்கிறாள்.
அவளுக்கு எப்படிச் சொல்வது,
எவனோ உருக்கித் தாலிக்குண்டு செய்துவிட்ட காசும்
இங்கே தன் படத்தாளில்
தேயாமல் இருக்கிறது என்று.

கடைசியாக வந்தது
வக்கீல் வீட்டைக் காலி செய்தபோது.
மஸ்தான் பாய் பேப்பர்க்கடைத் தராசில்
ரெண்டே முக்கால் கிலோ.
கிலோ பன்னண்டு.
"தோல் அட்டைக்கு வேணும்னா கழிச்சுக்கலாமுங்க."
வேண்டாம் என்றேன்.
முப்பத்துமூணு ரூபாய்.
காசுகளின் எடையை அரிசிமணி பிசகாமல் சொல்லும் புத்தகம்
எடைக்கு வந்தது.
முதுகுத் தோல் செம்மண்ணாய் உதிர்ந்து
அன்றைக்குப் போட்ட பில் எல்லாம் சிவப்பு.

படத்தாள் ஒவ்வொன்றின் மேலும்
வெங்காயத் தோல் போல ஒரு தாள் மூடியிருக்கும்.
பதினொன்றாவதில் தொடங்கியிருந்தது துளை.
ராமபாணப் பூச்சி.
அந்தப் பேரை வைத்தவன்
நிச்சயம் புத்தகம் வைத்திருந்தவன்.
ஏழு மராமரம் துளைத்த மாதிரி
ஏழு தாள்:
ரோமாபுரி ராஜாவின் காதுமடல்,
ஒரு ராணியின் கொண்டை,
காளையின் திமில்,
பேர் தெரியாத ஒருவனின் மூக்கு,
ஓர் எழுத்தின் கொம்பு, வெறும் ஓரம்,
பிறகு சேரன் செப்புக்காசு.
ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வில்.
யானை வயிற்றுக்கு அடியில்
பசியாறி நின்றுவிட்டது அம்பு.

அந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலில்
வக்கீலின் கையெழுத்து:
'ஜெராக்ஸ் ஒன்று கொடுத்தேன்.
வாங்கினவர் அப்புறம் வரவில்லை.'

மாசியில் அங்கமுத்து வந்தான்.
அமராவதி மணலைச் சலித்துச் சலித்து
உள்ளங்கை காய்த்தவன்.
பீடிக்கட்டுக் காகிதத்தைப் பிரித்தான்.
"ஆத்துல கெடச்சதுங்கக்கா. புளி போட்டுத் தேச்சேன்.
ரெண்டாயிரம் குடுங்க.
வேற ஆருக்கும் காட்டுலீங்க."

சதுரச் செம்பு. யானை.
திருப்பினால் வில்.
யானை வயிற்றுக்கு அடியில்
குண்டூசித் தலை அளவில்
புடைத்த ஒரு புள்ளி.

"இதென்ன அங்கமுத்து?"
"சூரியனுங்களாமா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
இருட்டில் காகிதம் தின்ற புழுவின் வாய்
நகலில் கறுப்பாகி
எவனுடைய அச்சிலோ குழியாகி
செம்பில் எழுந்து நிற்கிறது.
இதை ஆற்றில் போட்டது யார்,
எடுத்தது யார்,
இவனுக்கு எவ்வளவு தெரியும்,
எதையும் கேட்கவில்லை.

விளையாட்டாய்க் கொண்டுபோய்
எடைமேடை நடுவில் வைத்தேன்.
திரையில் நாலு சைபர்.
யானை நிற்கிறது, எடையில்லை.
அங்கமுத்து சத்தமாய்ச் சிரித்தான்.

நூறு ரூபாய் கொடுத்தேன்.
பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டான்,
அதில் கொஞ்சம் புரிந்தது.

பதினேழு புத்தகத்துக்கு ஒரு காசு.
பதினேழாம் படத்தாளில் வைத்து மூடும் முன்
புள்ளியைத் துளைமேல் பொருத்திப் பார்த்தேன்.
பொருந்தியது.
வக்கீல் எழுத்துக்குக் கீழே பென்சிலில் எழுதினேன்:
கண்டெடுத்த இடம், இந்தப் பக்கம்.

ஜல்லி வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.
இருப்பா, வர்றேன்.